சொல்லிவிட்டு அழித்த சொல்

எங்கள் வகையறாவுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து சென்னை, திருப்பூர், துபாய், சிங்கப்பூர் என்று பிரிந்துபோனவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் அதில் இருக்கிறோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, குலசாமி கோயில் கொடைக்கு வரி, யாருக்காவது ரத்தம் வேண்டும் என்ற அவசரம் எல்லாம் அதில்தான் வரும். போன மாசியில் ஒரு நாள் காலை அதைத் திறந்தபோது, பெரியம்மாவின் பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி கிடந்தது. அனுப்பிய செய்தி நீக்கப்பட்டுவிட்டது என்று தெரிவிக்கும் வழக்கமான வரிதான். ஓரத்தில் நேரம் இருந்தது. 2.17. ஊர் உறங்கும் நடுச்சாமம்.

விடிந்ததும் காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கின. செம்பருத்தி, குத்துவிளக்கு, திருச்செந்தூர் முருகன். அந்த வரி மேலே மேலே போய் மறைந்துவிட்டது. என்னவென்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்த இரண்டு பதினேழு மனதை விட்டு இறங்கவே இல்லை.

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பெரியப்பா போனபிறகு அந்தப் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். குழுவில் அவர் வாய் திறப்பது அபூர்வம். பேரப்பிள்ளைகளின் படம் வந்தால் ஒரு கும்பிடு, சாவுச் செய்தி வந்தால் ஒரு கும்பிடு. அப்படிப்பட்டவர் நடுச்சாமத்தில் நூற்றுச் சொச்சம் பேர் முன்னால் எதையோ வைத்துவிட்டு எடுத்திருக்கிறார்.

அந்த வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விஷயமும் புரியும். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. தடித்த காரைச் சுவர்கள். அலைவரிசை கூடக்கூட, அலைக்குச் சுவரைத் துளைத்து உள்ளே வரும் வலு குறையும். கோபுரமும் ஊருக்குள் இல்லை, விலக்கு ரோட்டுப் பக்கம் இருக்கிறது. நாங்கள் ஊருக்குப் போனால், பேச வேண்டுமென்றால் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு தொழுவத்துப் பக்கம் போய் நிற்போம். ஆகவே அந்தச் செய்தி வெளியேற வேண்டுமானால் பெரியம்மா எழுந்து, தாழ்ப்பாளை நீக்கி, வெளியே வந்திருக்க வேண்டும். படுத்தபடியே தூக்கக் கலக்கத்தில் விரல் பட்டு ஏதோ போய்விட்டது என்று என்னால் எண்ண முடியாததற்கு இதுதான் காரணம். அழிப்பதற்கும் சிக்னல் வேண்டும். அதற்கும் அவர் வெளியில்தான் நின்றிருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் நின்றார்? அந்த வரி அதைச் சொல்லாது. அதில் தெரிவது அனுப்பிய நேரம் மட்டும். அழித்த நேரம் தெரியாது. எழுத்தா, குரலா, படமா என்பதும் தெரியாது. எல்லோருக்குமாகச் சேர்த்து அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2017இல் கொண்டுவந்தபோது ஏழு நிமிட அவகாசம்தான் கொடுத்தது. பிறகு அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானது. 2022 ஆகஸ்ட் முதல் இரண்டு நாளுக்கும் மேல். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனிதனுக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்பதை இத்தனை தடவை மாற்றி மாற்றிக் கணக்கிட்டிருக்கிறார்கள். சொல்லை எடுத்துவிடலாம். சொன்னார் என்ற தடயத்தை மட்டும் எடுக்க முடியாது.

சிறுவயதில் எனக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலை இருந்தது. ஆச்சிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். அவருடைய விலாசத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. படைப்பிரிவின் பெயரும் ஒரு எண்ணும் கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்பதும்தான் இருக்கும். மகன் காஷ்மீரத்தில் இருக்கிறானா ராஜஸ்தானத்தில் இருக்கிறானா என்று தெரியாமலே ஆச்சி அவனுக்குக் கடிதம் சொல்லுவாள். நீல நிற இன்லேண்டை ஒரு பலகைமேல் விரித்து நான் எழுதுவேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, மழை பெய்ததா, உளுந்து என்ன விலைக்குப் போனது, பசு கன்று போட்டதா என்று வரிசையாக வரும். நடுவில் ஆச்சியின் குரல் திடீரென்று வேறு மாதிரி ஆகும். ஒரு வார்த்தை கொட்டிவிடும். நான் பேனாவை வைக்கும் முன்பே, "அத எழுதாத" என்பாள். நான் எழுதமாட்டேன். அடுத்து உரம் விலைக்குப் போய்விடுவோம்.

பெரியம்மா அப்போது அந்த வீட்டின் மூத்த மருமகள். ஒரு மத்தியான நேரம் ஆச்சி உறங்கும்போது என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. நான் முகப்பு எழுதி முடித்துவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "அம்மாவப் பாக்கணும்போல இருக்குன்னு எழுது" என்றார். நான் முதல் எழுத்தை எழுதினேனோ இல்லையோ, "வேணாம்யா. அத எழுதாத. நல்லாருக்கேன்னு எழுது" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டார். நல்லாருக்கேன் என்றுதான் எழுதினேன். அந்தக் கடிதம் அப்படியே போனது.

இரண்டு பதினேழை யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கடிதம் ஏன் வருகிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒன்று தோன்றியது. அந்தக் காலத்தில் ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டால், அது கடிதத்துக்குத்தான் போகாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் காதுக்குப் போய்விடும். அவர் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யப்போவதில்லை. பத்து வயதுப் பையன் என்ன செய்வான்? ஆனாலும் அந்தச் சொல் பூமியில் ஒருவரால் கேட்கப்பட்டது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். பெரியம்மா ஏதோ சொன்னார் என்பது நூற்றுச் சொச்சம் பேருக்குத் தெரியும். என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது அடிமைத்தனம் அல்லவா? உண்மைதான். பெரியம்மாவைப் போன்றவர்கள் தனியாக எழுதும் நிலைக்கு வந்ததை நான் எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். கைப்பேசியில் தமிழ் வந்த கதை அவ்வளவு சுலபமானதும் இல்லை. குறுஞ்செய்தியின் இலக்கணமே ஆங்கில எழுத்துக்கென்று வகுத்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். யூனிகோடில் தமிழ் எழுதினால் 70 தான். அந்த எழுபதிலும் 'கி' என்ற ஓரெழுத்து இரண்டு இடத்தைத் தின்றுவிடும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் நாமெல்லாம் வெகுகாலம் அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த உலகத்தில் பெரியம்மாவுக்கு இடமே கிடையாது. 2005 பொங்கலை ஒட்டி முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழிலேயே செய்தி அனுப்ப வழி செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையத்தின் விலை சரிந்து கிராமத்துக்கும் எட்டியது. இப்போது திரையில் விரலால் எழுதினால் அதுவே அச்செழுத்தாக்கித் தருகிறது. எழுதத் தெரியாமல் என்னைக் கூப்பிட்ட பெரியம்மா, பேரன் சொல்லிக் கொடுத்து, எழுபது வயதில் 'அ' எழுதிப் பழகினார். அவர் போனில் எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்காட்டி விரலால், கோலத்தின் கடைசி இழையைப் போடுகிற கவனத்தோடு எழுதுவார். அப்படி எழுதியதைத்தான் அவர் அழித்திருந்தால், எவ்வளவு பாடுபட்டு எழுதியதை அழித்திருக்கிறார்!

பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலைக் கல்லூரி நாட்களில் படித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியத் தெய்வம் அதை அரசனிடம் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டுகிறது. இதனால் மனிதர்களுக்கு மறதிதான் வளரும் என்று அரசன் சொல்லிவிடுகிறான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, எழுத்திடம் கேள்வி கேட்டால் அது பதில் சொல்லாது, யாரிடம் பேசவேண்டும் யாரிடம் பேசக்கூடாது என்றும் அதற்குத் தெரியாது என்று சாக்ரடீஸ் குறைப்படுகிறார். இரண்டாவது குறையைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. பெரியம்மா யாரிடம் சொல்ல நினைத்தார்? நிச்சயம் நூற்றுச் சொச்சம் பேரிடமும் இருக்காது. மகனிடமா? இறந்துபோன பெரியப்பாவிடமா? ஒருவரிடம் சொல்ல வேண்டியதை எல்லோரிடமும் சொல்லும்படி இந்தக் கருவி வாசலை அகலமாகத் திறந்து வைத்திருக்கிறது. அந்த அகலத்தைப் பார்த்துத்தான் அவர் பின்வாங்கினாரோ என்னவோ.

அழிப்பதை நான் குறை சொல்லவும் முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று எண்ணி அடித்தே கொன்றார்கள். கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த வதந்திதான் அந்தச் சந்தேகத்தை ஊர் ஊராக விதைத்திருந்தது. அந்த ஆண்டுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் திருப்பி அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. யாராவது ஒருவர் ஒரு நிமிடம் தயங்கித் தன் செய்தியை அழித்திருக்கக் கூடாதா என்று அப்போது ஏங்கியவர்களில் நானும் ஒருவன். கைப்பேசியில் எழுதும் நமக்கு இன்று மிகவும் தேவைப்படுவது அந்தத் தயக்கம்தான்.

நாவடக்கம் பற்றி வள்ளுவர் சொன்ன குறள்கள் சில அடக்கமுடைமை அதிகாரத்தில் இருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அந்தக் குறள்களின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களை நினைக்கும்போது மனம் தடுமாறுகிறது. கட்டுப்பாடில்லாமல் பேசுகிறவனுக்கு அடக்கம் அறம். பேசவே விடாமல் வளர்க்கப்பட்டவளுக்கு அது என்ன? அடுப்படியில் "அத எழுதாத" என்று சொன்ன அந்த மனம்தான் இரண்டு பதினேழுக்கு அனுப்பியதையும் அழித்திருக்குமென்றால், அதை நிதானம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரே செயல் ஒருவரிடம் நிதானமாகவும் இன்னொருவரிடம் ஆயுள் முழுக்கத் தொடரும் பழக்கமாகவும் இருக்க முடியும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சாம்பல் வரிதான்.

அந்த வரியைப் பார்த்த அன்று சாயங்காலம் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். வெளியில்தான் நின்று பேசினார், பசுவின் மணிச்சத்தம் கேட்டது.

"என்ன பெரியம்மா, நல்லாருக்கீங்களா?"

"நல்லாத்தாய்யா இருக்கேன். நீ சாப்ட்டியா? பிள்ளைக எப்படி இருக்கு?"

"ராத்திரி தூக்கம் வருதா?"

"வயசானவளுக்கு என்னய்யா தூக்கம்" என்றார். பிறகு மக்காச்சோளத்தில் புழு விழுந்த கதையைச் சொன்னார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே பேசினார். செய்தியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்ட சொல்லைத் திரும்பக் கேட்பது, மூடிய கதவைத் தட்டுவதா அல்லது திறக்க ஆளில்லாமல் கிடக்கும் கதவைத் தட்டுவதா என்று தெரியாமல்தான் அதைத் தொடாமல் விட்டேன்.

இன்றுவரை இதில் எனக்குத் தெளிவு வரவில்லை. ஒருவர் அழித்ததை மதிப்பதுதான் மரியாதை என்று ஒரு நாள் தோன்றுகிறது. அப்படி மதித்து மதித்துத்தான் ஒருவரும் யாரையும் கேட்காமல் ஆகிவிட்டோம் என்று மறுநாள் தோன்றுகிறது. கேட்டால் காயப்படுத்தும், கேட்காவிட்டால் தனியே விடும். இரண்டில் எது சிறிய தவறு என்பது அவரவரைப் பொறுத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

ஒன்று மட்டும் சொல்லத் துணிகிறேன். உங்கள் குடும்பக் குழுவிலும் கும்பிடு மட்டும் போட்டுவிட்டுப் போகும் ஒருவர் இருப்பார். அவர் எழுதியதை அழித்தாலும் சரி, எதுவுமே எழுதாமல் இருந்தாலும் சரி, இந்த வாரம் அவரைக் கூப்பிடுங்கள். குழுவில் கேட்காதீர்கள். அவரிடமும் காரணம் கேட்காதீர்கள். அவர் புழு விழுந்த பயிரைப் பற்றியே பேசினாலும், அவரே போதும் என்று சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.