கலைக்கல்வியும் கடமையும்

மருத்துவமோ சட்டமோ பயிலப் புறப்படும் மாணவனை ஊர் வாழ்த்தி அனுப்புகிறது. பல்கலைக்கழகத்தில் ஓவியத்தையோ சிற்பத்தையோ முதுகலை வரை பயில விரும்புபவனை, "இது சோறு போடுமா?" என்று கேட்கிறது. மலாக்காவின் புக்கிட் ரம்பாய் போன்ற ஊர்களில், பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் எழுப்பும் இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்குதல் அறமாகாது. விடியுமுன் வேலைக்காட்டுக்கு நடந்தவர்களின் உழைப்பு அதனுள் இருக்கிறது. எனில், குடும்பக் கடமையும் கலை வேட்கையும் எதிரெதிரே நிற்கும்போது மாணவன் செய்யத்தக்கது யாது?

ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்வு இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. 1911இல் பிறந்த அவர், தந்தையை இழந்தமையால் இளமையிலேயே தந்தித் துறையில் பணியேற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். 1936இல் அவ்வேலையைத் துறந்து சென்னை ஓவியப் பள்ளியில் மாணவரானார். 1957இல் அந்நிறுவனத்துக்கே முதல்வரானார். படித்து முடித்தவர்கள் பிழைப்பின்பொருட்டுத் தூரிகையைக் கைவிடும் நிலை அவரை வருத்தியது. அவர் வழிகாட்ட, இளங்கலைஞர்கள் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அவ்வருவாயைக்கொண்டு நிலம் வாங்கினர். 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில், சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. கைத்தொழில் வயிற்றைக் காத்தது. ஓவியம் சந்தைக்கு அடிமையாகாமல் தப்பியது.

பட்டம் எவரையும் கலைஞராக்கிவிடாது. அவ்வாறாயின் முதுகலைப் படிப்பு எதற்கு? ஓவியக்கூடத்தில் மாணவன் தன் படைப்பின் முன் நிற்கிறான். "இந்த வண்ணம் ஏன்? இந்த வடிவம் ஏன்?" என்று ஆசிரியரும் உடன்பயில்வோரும் கேட்கின்றனர். புகழ்ச்சியில் மயங்காமலும் கண்டனத்தில் சோராமலும் விடை தேடப் பழகுவதே அக்கல்வியின் உயிர். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளாத கண்ணை அது திறக்கும். ஆனால், வாழ்க்கைச் செலவுக்கு அது பொறுப்பேற்காது. அப்பொறுப்பு மாணவனுடையதே.

பணிக்கரைப் போல ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதன்று. கடமையைக் கலைக்குப் பகையாக எண்ண வேண்டியதில்லை என்பதே அவர் வாழ்வு காட்டும் உண்மை. ஓவியத் திறன் மிக்க மாணவனைக் காணும் ஆசிரியர், அவன் கனவைக் கலைக்கவும் வேண்டா. வறுமையை மறைத்து ஆசை காட்டவும் வேண்டா. கலையோடு ஒரு கைத்தொழிலையும் அவன் மதித்துக் கற்கச் செய்வாராயின், பெற்றோரின் அச்சமும் பிள்ளையின் வேட்கையும் ஒருசேர மதிக்கப்பெறும்.