கத்ரும் கம்பிவலையும்

மௌத்து வீட்டில் நாம் சொல்லும் "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்ற வார்த்தை ஆறுதலுக்குரியது. அதே வார்த்தையை, அந்த மரணத்துக்குக் காரணமானவர் நீதிமன்றத்தில் சொன்னால்? அமெரிக்காவின் ஜோன்ஸ்டவுன் வெள்ளத்தைப் பற்றி வாசித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது.

பென்சில்வேனியா மாநிலத்தில், அந்நகருக்கு 14 மைல் மேலே, சவுத் போர்க் என்ற இடத்தில் 72 அடி உயர மண் அணைக்கட்டு ஒன்று இருந்தது. கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் வழங்க மாநில அரசு கட்டியது. ரயில் வந்ததும் கால்வாயின் தேவை ஒழிந்தது. கட்டு கைமாறித் தனியார் சொத்தாயிற்று. இடையில் வாங்கிய ஒருவர் அடித்துருசின் இரும்புக் குழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். 1879இல் அது பிட்ஸ்பர்க் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகத்தின் கைக்கு வந்தது. அன்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே பிரிக் போன்றோர் அதன் அங்கத்தவர்கள்.

அவர்கள் கொடியவர்கள் அல்லர். கோடையில் படகோட்டவும் தூண்டில் போடவும் வந்தவர்கள். இரண்டு குதிரைவண்டிகள் எதிரெதிரே போக இடம் வேண்டுமென்று கட்டின் உச்சி தாழ்த்தப்பட்டது. விலைகொடுத்து வாங்கி விட்ட மீன்கள் தப்பிவிடக் கூடாதென்று வானின் குறுக்கே கம்பிவலை அடிக்கப்பட்டது. கழற்றிய குழாய்கள் திரும்பப் பொருத்தப்படவில்லை. ஆகவே நீரை வடியவிட்டுக் கட்டைத் திருத்த வழியே இல்லை. 1880இல், கீழேயிருந்த இரும்பாலையின் தலைவர் டானியல் மொரெல் தமது பொறியியலாளரை அனுப்பிப் பார்வையிடச் செய்தார். குறைகளை எழுதியனுப்பினார். திருத்தச் செலவில் பங்கு தருவதாகவும் சொன்னார். ஆபத்து எதுவுமில்லை என்று பதில் வந்தது. (அவரே அக்கழகத்தில் அங்கத்துவம் பெற்றுக்கொண்டார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வதோ!)

1889 மே 31. பெருமழை. வேலையாட்கள் வானைத் துப்புரவாக்கப் போராடினார்கள். குப்பைகூளங்கள் வலையில் இறுகிக் கிடந்தன. பிற்பகலில் கட்டு உடைந்தது. ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நீர் நகரை அடைந்தது. 2,200க்கும் அதிகமானோர் மாண்டனர். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தவர்கள் வெல்லவில்லை. அந்நாட்டுச் சட்டமொழியில் 'இறைவனின் செயல்' என்றொரு பதமுண்டு. உடைப்பை அந்தக் கணக்கில் எழுதினார்கள்.

மழை அவனுடையது. வலையும் அவனுடையதா? கத்ரை நம்புகிறவன்தான் இதை முதலில் கேட்க வேண்டும். கழகம் என்பது யார்? சந்தா செலுத்திய கனவான்கள். அவர்களில் ஒருவரும் கட்டைக் கட்டவில்லை, ஒருவரும் குழாயைக் கழற்றவில்லை, வலையை அடித்தவன் கூலியாள். குற்றத்தை இப்படிப் பங்குபோட்டால் ஆளுக்குத் தூசியளவும் மிஞ்சாது. சுகத்தைப் பங்குபோடும்போது மட்டும் ஒவ்வொருவருக்கும் முழுக்குளமும் கிடைத்தது!

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1868இலேயே ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில், அதுவும் ஒரு தனியார் நீர்த்தேக்கம் பற்றியதே, வேறு தீர்ப்புச் சொல்லியிருந்தது. தன் காணியில் ஆபத்தானதைத் தேக்குபவன், தானாகத் தவறு செய்யாவிடினும், அது வெளியேறிச் செய்யும் நட்டத்துக்குப் பொறுப்பாளி. ஜோன்ஸ்டவுனுக்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் சிலவும் அப்பக்கம் சாய்ந்தன. மாண்டவர்களின் உறவினருக்கு அது உதவவில்லை.

கார்னகி அந்நகருக்கு நூலகம் கட்டிக் கொடுத்தார். அக்கட்டடம் இன்று வெள்ள நூதனசாலையாக இருக்கிறது. அந்த நன்கொடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஸதகாவும் நட்டஈடும் ஒன்றல்லவே. மனைவி மக்களை இழந்த ஒருவர் அங்கு நூலெடுக்கப் போயிருப்பாரா என்று எண்ணிப் பார்க்கிறேன்.