மரக்காலைத் தலையணையாக்கிய பெருமாள்

கும்பகோணம் பக்கத்தில், சுவாமிமலைக்கு அருகே இருக்கிறது ஆதனூர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. 'ஆ'வாகிய காமதேனு தவமிருந்த தலம் என்பதால் இந்தப் பெயர் என்பார்கள். இங்கே பள்ளிகொண்ட பெருமாளின் திருநாமம், ஆண்டளக்கும் ஐயன். தலைக்கு அடியில் மரக்கால். கையில் ஓலையும் எழுத்தாணியும்! உலகுக்கே படியளக்கும் பெருமாளுக்கு இவை எதற்கு?

திருமங்கை ஆழ்வார் ஸ்ரீரங்கத்தில் மதில் கட்டும் திருப்பணியில் ஈடுபட்டிருந்த நேரம். கையிலிருந்த பொருள் கரைந்தது. கூலி கொடுக்க வழியில்லை. அரங்கனை வேண்டினார். வணிகர் ஒருவர் மரக்காலோடு வந்து, வேலையாட்களுக்கு மணலை அளந்து போட்டார். உண்மையாக உழைத்தவர்களுக்கு அது பொன்னானது. ஏய்த்தவர்களுக்கு மணலாகவே நின்றது. வந்தவர் யாரென்று அறியப் பின்தொடர்ந்த ஆழ்வாருக்கு, ஆதனூரில் பெருமாளாகக் காட்சி தந்தார் என்கிறது தல வரலாறு.

சகோதரிகளே, இந்தக் காட்சியை மனதில் நிறுத்திக்கொண்டு உங்கள் வீட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பாருங்கள். அவனுக்குப் பணம் என்பது செல்போனில் ஸ்கேன் செய்தால் போகிற எண். ரூபாய் நோட்டு கையை விட்டுப் போகும்போது வருகிற சின்ன வலிகூட அவனுக்குத் தெரியாது. 'நண்பனிடம் இருக்கிறது, எனக்கும் வேண்டும்' என்கிறான். பல வீடுகளில் அம்மா என்ன செய்கிறாள்? யாருக்கும் தெரியாமல் வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, 'அப்பாவுக்கு போனஸ் வந்தது' என்று சொல்லிவிடுகிறாள். 'குழந்தைக்கு எதற்குக் கஷ்டம் தெரிய வேண்டும்?' என்ற பாசம்தான். ஆனால், பொன்னை மணல் என்று காட்டினால், மறு வருடம் அவன் பைக் கேட்கத்தானே செய்வான்?

திருமலை ஸ்ரீநிவாசனும் திருக்கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கியவர்தான். ஆனால் மறைத்து வாங்கவில்லை. பத்திரம் எழுதி, சாட்சி வைத்து வாங்கினார் என்கிறது புராணம். உண்டியல் காணிக்கை அந்தக் கடனுக்கான வட்டி என்பது பக்தர்களின் நம்பிக்கை. பெருமாளே மறைக்காத கடனைப் பெற்ற பிள்ளையிடம் நாம் ஏன் மறைக்க வேண்டும்?

வருகிற வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் ஒரு நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு, மகன் கையிலோ மகள் கையிலோ கொடுங்கள். வீட்டின் வரவு, வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், கடன் எல்லாவற்றையும் நீங்கள் சொல்ல, அவர்கள் எழுதட்டும். கைச்செலவுக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் மீண்டும் கொடுக்காதீர்கள். கொஞ்சம் முகம் வாடும், பரவாயில்லை. கோயில் உண்டியலிலும் அந்தப் பணத்திலிருந்தே போடட்டும்.

வட்டிக் கணக்கையும் அவர்களையே போடச் சொல்லுங்கள். மாதம் 3 சதவிகிதம் என்றால் சின்னதாகத் தெரியும். 10,000 ரூபாய் கடனைக் கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஒரே வருடத்தில் 14,000-ஐத் தாண்டிவிடும்! சேமிப்புக்கும் வழி உண்டு. 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தங்கள் வங்கிக் கணக்கைத் தாங்களே இயக்க, வங்கிகள் வைக்கும் வரம்புக்கு உட்பட்டு, ரிசர்வ் வங்கி 2014-ல் அனுமதி கொடுத்தது; 2025-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் அதைச் சொல்லியிருக்கிறது.

அப்பாவின் சம்பளம் எவ்வளவு, அம்மாவின் வளையல் எங்கே என்று தெரிந்த பிள்ளை வாடிப்போய்விடாது, பொறுப்போடு வளரும். கும்பகோணம் பக்கம் போனால், பிள்ளைகளையும் ஆதனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். மரக்காலைத் தலைக்கு வைத்து நிம்மதியாகப் பள்ளிகொண்டிருக்கும் ஐயனைக் காட்டுங்கள். அளந்து செலவழிக்கிற வீட்டில்தான் நிம்மதியான தூக்கம் வரும் என்பதை அவரே அவர்களுக்குப் புரியவைப்பார்.