சாபமா, சர்க்கரையா?

பெங்களூரு அல்சூர் சோமேசுவரர் கோயில் ஈசனின் பெயரிலேயே சோமன், அதாவது சந்திரன், இருக்கிறான். தட்சனின் 27 மகள்களை மணந்தவன் ரோகிணியிடம் மட்டும் அன்பு காட்டினான்; மாமனார் சாபத்தால் உடல் தேய்ந்தான்; சிவன் அவனைத் தலையில் சூடினார். ஆண்மைக்குறைவு என்றாலே ‘செய்த பாவம்’, ‘இளமையில் விந்தை விரயமாக்கிய பலன்’ என்று தீர்ப்பெழுதிவிடும் நம்மவர்களுக்கு இந்தப் புராணமே மறுப்பு. தாம்பத்தியத்தில் தவறு செய்தவனுக்குத்தான் நோய் வந்தது. குணமாகும் உரிமையை மட்டும் யாரும் அவனிடமிருந்து பறிக்கவில்லை.

மருத்துவம் சொல்வதைக் கேட்டால் பாவக் கணக்கு இன்னும் பலவீனமாகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களிடம் அது கூடுதல். விறைப்புக்கு இரத்தம் பாய வேண்டும். அதற்கு நைட்ரிக் ஆக்சைடு சுரந்து இரத்தக் குழாயைத் தளர்த்த வேண்டும். சர்க்கரையும் புகையும் கெடுப்பது அந்தச் சுரப்பைத்தான். ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத் தமனி 3 முதல் 4. உடலெங்கும் பரவும் ஒரே கோளாறு சிறிய குழாயில் முதலில் தெரிகிறது, பலருக்கு நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே. வெட்கத்தோடு லாட்ஜ் வைத்தியரிடம் லேகியம் வாங்கி வருபவர் பணத்தை மட்டுமா இழக்கிறார்? மாரடைப்பைத் தடுத்திருக்கக்கூடிய காலத்தையும் இழக்கிறார்.

‘புகைத்தவனுக்கு நோய் வந்தால் அது வினைப்பயன்தானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரணம் இருப்பதாலேயே குற்றம் இருப்பதாகிவிடாது. சிறுவயதிலேயே சர்க்கரை நோய் வந்தவரும், புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் என்ன பாவம் செய்தார்கள்? வினையை நம்புபவர்கள் 2004இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வையும் பார்க்க வேண்டும். பருமனான ஆண்கள் இரண்டு ஆண்டுகள் உணவைக் குறைத்து, உடற்பயிற்சி செய்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இயல்புநிலை திரும்பியது. வினையால் வந்ததை வினையாலேயே மாற்றலாம் என்றால் தண்டனை என்ற பேச்சுக்கே இடமில்லை. விந்து இழப்பைப் பற்றிய அச்சமோ தனியே ஒரு நோய். மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் அதற்குத் ‘தாத்’ நோய்க்குறி என்று பெயரிட்டார். பயமுறுத்தும் போதனையே பலருக்குப் படுக்கையறைப் பதற்றத்தைக் கொடுக்கிறது.

‘ஆசை அடங்குவது நல்லதுதானே, துறவிகள் அதைத்தானே நாடினார்கள்?’ என்பது இன்னொரு வாதம். துறவு ஒருவர் மனமறிந்து ஏற்பது. குழாய் அடைத்துப் போவதைத் துறவு என்றால் துறவிக்கே அவமதிப்பு. அல்சூர் ஏரியருகே 2009இல் சிலையாகத் திறந்துவைக்கப்பட்ட வள்ளுவர் துறவுக்கு ஓர் அதிகாரம் தந்தார், மருந்துக்கும் ஓர் அதிகாரம் தந்தார், காமத்துப்பாலுக்கோ 25. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் தள்ளவில்லை. பெண்களின் நிலை இன்னும் மோசம். சர்க்கரையும் மனச்சோர்வும் அவர்களின் இன்பத்தையும் கெடுக்கின்றன. ஆனால் ஆய்வுகள் குறைவு, கேட்பாரும் குறைவு.

ஆகவே பரிகாரம் கேட்டு வருபவரை ‘சர்க்கரை பார்த்தீர்களா, பிரஷர் பார்த்தீர்களா?’ என்று கேட்பது குருக்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் உரிய கடமை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் யாரிடமும் சொல்லாமல் கடையில் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை வாங்கிப் போட்டால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். அவரை டாக்டரிடம் வாய் திறக்கவிடாமல் செய்வது பாவம் என்ற அந்த ஒற்றைச் சொல்தான்.