தீட்டும் நஞ்சும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்துக் காலனியில் என் பெரியப்பா வீடு. கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர், டிவி, செல்போன் வகையறாக்களை உடைத்துப் பிரிப்பது அவர் வேலை. ஸ்குரூவைக் கழற்றி பச்சை போர்டைத் தனியாக, செம்புக் கம்பியைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் போட வேண்டும். கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. கம்பெனிச் சுவரில் ‘பொறுப்பான மறுசுழற்சி’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது.

ஒருநாள் நான்தான் வாயை விட்டேன். “பெரிப்பா, ஈயத்தூசி சட்டையில ஒட்டிக்கினு வீட்டுக்கு வரும். கொழந்தைக்கு ஆகாது. குளிச்சிட்டு அப்புறம் தூக்குங்க” என்றேன். மனுஷன் அன்றிலிருந்து அப்படியே நடக்கிறார். சாயங்காலம் பேத்தி ஓடிவந்தால், “தொடாத, கிட்ட வராத” என்று கையை நீட்டித் தடுக்கிறார். அது புரியாமல் அழுகிறது. ஒருநாள் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். “இன்னாடா இது? ஊர்க்காரன் நம்மள சொன்னத இப்ப நம்ம வூட்டுக்குள்ளயே நாமளே சொல்லிக்கினு கீறோமே?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

தீட்டு என்பது என்ன? அதை எவனும் கண்ணால் பார்த்ததில்லை, அளந்ததில்லை. அது பொருளில் இல்லை. பிறப்பின் மேல் ஒட்டவைக்கப்பட்டது. செத்த மாட்டைத் தூக்கியவன் மேல் ஒட்டிய தீட்டு, அந்த மாட்டுத் தோலில் செய்த செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தவன் மேல் ஒட்டவில்லை. இந்த ஒன்று போதும், தீட்டு பொய் என்று தெரிந்துகொள்ள.

நஞ்சு அப்படியல்ல. பழைய டிவியின் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய போர்டுகளில் பற்றவைத்த இடமெல்லாம் ஈயம். பழைய தட்டைத் திரைகளின் பின்விளக்கில் பாதரசம். செம்புக்காக ஒயரைக் கொளுத்தினால் பிளாஸ்டிக் எரிந்து டையாக்சின் கிளம்பும். தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் போட்டால் புகை நுரையீரலுக்கு, கழிவுநீர் கிணற்றுக்கு. ஈயம் மூச்சு வழியாகப் போகும், கழுவாத கையால் சாப்பிட்டால் சோற்றோடு போகும், சட்டையில் ஒட்டி வீட்டுக்கும் வரும். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இது மெய். அளக்கலாம், தடுக்கலாம்.

ஆனால் நம் சமூகம் இரண்டையும் தலைகீழாக வைத்திருக்கிறது. பொய்யான தீட்டை மெய்யென்று கொண்டு தனி டம்ளர், தனிச் சுடுகாடு, தனித் தெரு என்று ஏற்பாடு செய்கிறது. மெய்யான நஞ்சைப் பொய்யென்று கொண்டு ஒரு கையுறைகூடக் கொடுக்க மறுக்கிறது.

இந்தத் தலைகீழ் நம் பக்கத்திலும் வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முதலில் கையுறை வாங்கிக் கொடுத்தபோது பெரியப்பா, “நான் இன்னா அசிங்கத்தையா தொடுறேன்?” என்று கோபித்துக்கொண்டார். ஆயுசு முழுக்க ‘அசிங்கம்’ என்று சொல்லப்பட்டவர். ‘இது ஆபத்து’ என்று நான் சொன்னது அவர் காதில் ‘நீ அசுத்தம்’ என்றுதான் விழுந்தது. நாம் பேசும்போது நஞ்சையும் தீட்டையும் பிரித்துப் பேசாவிட்டால் நம்ம ஆளே நம்மை நம்ப மாட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2011இல் மின்னணுக் கழிவு விதிகள் வந்தன, 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. பொருளைச் செய்து விற்றவனுக்கே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்றார்கள். நல்ல கொள்கை. 2022இல் புதிய விதிகள் எழுதி 2023 ஏப்ரல் முதல் அமலாக்கினார்கள். இப்போது கம்பெனிக்காரன் கழிவைத் தானே தொட வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழை விலைக்கு வாங்கினால் அவன் பொறுப்பு தீர்ந்தது. 2023-24இல் 60 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என்று இலக்கு. தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் எவ்வளவு மீட்கப்பட்டது என்ற எடையின் மேல்தான் சான்றிதழ்.

இதை முழுக்கத் தூக்கியெறிய நான் தயாரில்லை. 2022இல் உலகம் கழித்துப் போட்டது 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். கணக்கு வேண்டும், சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. அதே விதிகளில் தொழிலாளர் துறைக்கும் கடமை எழுதியிருக்கிறது: இந்த வேலை செய்பவர்களை அடையாளம் கண்டு பதிவு செய், குழுவாகச் சேர உதவு, தொழில் கற்றுக்கொடு, ஆண்டுதோறும் அவர்கள் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் கண்காணி. செம்பின் எடைக்குச் சான்றிதழ் உண்டு, அதற்குச் சந்தையும் உண்டு. பெரியப்பாவின் ரத்தத்தில் ஏறிய ஈயத்துக்கு எந்தச் சான்றிதழில் இடம்? பொறுப்பு என்ற பேர் ஒருவனுக்கு, தூசி இன்னொருவனுக்கு. சாதி பல நூறு ஆண்டுகளாகச் செய்த பாகப்பிரிவினையும் இதுதானே?

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பெல்ஜியத்தில் ஹோபோக்கன் என்ற ஊரில், உலகத்து போர்டுகள் போய்ச் சேரும் உருக்காலை ஒன்று இருக்கிறது. அங்கேயும் நஞ்சு உண்டு. ஆனால் சுற்றியிருக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். 2020இல் அளவு ஏறியபோது ஊர் கேள்வி கேட்டது. ஆலை நிர்வாகம் பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்க முன்வர வேண்டியதாயிற்று. நம் காலனிக் குழந்தைகளின் ரத்தத்தை எந்த ஆலை அளந்தது? போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான வேலை செய்பவர் தன் உடல்நலப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். கான்ட்ராக்டர் நோட்டில் பேர்கூட முழுசாக இல்லாத ஆளுக்குப் பதிவேடு எங்கிருந்து வரும்?

‘அந்த வேலையே வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்கிற தோழர்கள் இருக்கிறார்கள். 2016இல் உனாவில் நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்த பிறகு, குஜராத் தலித்துகள் செத்த மாட்டைத் தூக்க மறுத்தார்கள். அந்த மறுப்பு நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஆனால் மறுத்த பிறகு அடுப்பு எரிய வேண்டும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று 1936இலேயே அம்பேத்கர் காட்டினார். எனவே உடைத்துப் பிரிப்பது இழிவா என்பதல்ல கேள்வி. ஒரு தொழிலாளி நாளைக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போக முடியுமா? அவர் மகன் அதே மேஜைக்கு வராமல் இருக்க முடியுமா? முடியும் என்றால் அது தொழில். முடியாது என்றால், சுவரில் என்ன எழுதியிருந்தாலும், அது சாதி.

பெரியம்மாவுக்கு இப்படித்தான் சொன்னேன்: “ஊர்க்காரன் சொன்ன ‘தொடாதே’ செத்தாலும் தீராது, சுடுகாடு வரைக்கும் வரும். பெரிப்பா சொல்ற ‘தொடாதே’ ரெண்டு பக்கெட் தண்ணியில தீந்துடும். அது பொய், இது தூசி.”

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப அந்த ரெண்டு பக்கெட் தண்ணிய கம்பெனிக்காரன் ஊத்தட்டும். சட்டையயும் அவனே தொவைக்கட்டும். எம் புருஷன் வாசல்ல நின்னு எதுக்குப் பேத்திகிட்ட தொடாதன்னு சொல்லணும்?”

நான் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் அதற்குள் இருந்தது. வேலை நேரத்திலேயே குளியல், ஆலையிலேயே துவைத்த மாற்றுடை, தூசியை இழுக்கும் விசிறி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, அந்தத் தாள் தொழிலாளியின் கையில். இதையே மனுவாக எழுதிக் காலனியில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது.