இறைவன் ஆணையும் உயிரின் சுதந்தரமும்



சென்ற கார்த்திகைச் சோமவாரத்தன்று ஒரு திருமடத்தின்கண், திருவருட்பயனில் ‘உயிரவை நிலை’ என்னும் அதிகாரத்திற்குப் பொருள் விரித்து யாம் எழுங்காலை, முதியவர் ஒருவர் தனியே வந்து வணங்கி ஒரு வினா வினவினர். அவர்தம் இளைய மைந்தன் சுரநோயுற்றுக் கிடந்தபோது, “விதித்தபடி ஆகும், நம்மால் ஆவதென்னை” என்றிருந்து, ஐந்து நாளும் மருத்துவரை அழையாது விடுத்தனராம். ஆறாம் நாள் மைந்தன் இறந்தனன். “சுவாமி, அவன் இறந்தது ஈசுவர சங்கற்பமா, என் குற்றமா? இரண்டில் ஒன்று சொல்லியருள வேண்டும்” என்றனர். அப்பொழுது யாம் கூறிய விடை மிகச் சுருங்கியது. அதனை ஈண்டு விரித்துக் கூறுதும். நூலுணர்ந்த பெரியோர் இதன்கண் வழுக் காணின் திருத்தியருள்க.

‘இரண்டில் ஒன்று’ என்ற அச்சொல்லின்கண்ணேயே சிக்கல் உளது. ஒரு செயலுக்குக் கருத்தா ஒருவனே ஆதல் வேண்டும் என்றும், இறைவன் செயலாயின் உயிரின் செயலன்று, உயிரின் செயலாயின் இறைவன் செயலன்று என்றும் கொண்டு எழுந்த வினா அது. நம் தமிழிலக்கணம் பயின்ற சிறாரும் அவ்வாறு கொள்ளார். மூன்றாம் வேற்றுமைக்குக் கருத்தாப் பொருள் கூறுமிடத்து, ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என இரண்டு கூறப்படும். ஒரு கோயில் அரசனால் ஆயிற்று எனினும் பொருந்தும். தச்சனால் ஆயிற்று எனினும் பொருந்தும். இரண்டும் மெய்யே, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதின்று. சுவர் கோணிற்றாயின் அக்கோணல் தச்சன் கைப்பிழையன்றி அரசன் ஆணையின் பிழையன்று என்பதும் யாவர்க்கும் உடன்பாடு. இறைவன் ஏவுதற் கருத்தா; உயிர் இயற்றுதற் கருத்தா. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுள் இரண்டாவதில், உயிர்கள் இருவினைக்கீடாகப் பிறந்தும் இறந்தும் வருதலை இறைவன் தன் ஆணையாகிய சத்தியோடு பிரிவின்றி நின்று நடாத்துகின்றான் என்றருளியது இக்கருத்துப் பற்றியே. ஆணை ஒருபாலும் வினை ஒருபாலுமாக இரண்டும் அச்சூத்திரத்தில் ஒருங்கே நிற்றல் காண்க.

அற்றேல், அரசன் ஏவல் தச்சனுக்குப் புறத்தே நிற்பது. தச்சன் மறுத்துச் செல்லவும் கூடும். இறைவன் ஏவலோ உயிரின் உள்ளேயே நிற்பது. அவ்வாறாயின் உயிர்க்கெனச் சுதந்தரம் யாதுளது எனின், இதுவே உண்மையான ஆசங்கை. இதனை மேற்போக்காக விடுத்தல் தகாது.

இங்ஙனம் ஆசங்கிப்போர், பிறிதொன்றன் தொடர்பின்றித் தனித்து நிற்றலே சுதந்தரம் எனக் கொண்டு விடுகின்றனர். அங்ஙனம் உயிர் தனித்து நின்ற நிலை ஒன்று நம் நூல்களிற் கூறப்பட்டுளது. அது கேவலம் எனப்படும். ஆண்டு உயிர் ஆணவத்தோடு மட்டும் கூடிக் கிடக்கும். உடம்பில்லை, கருவியில்லை, வினைநுகர்ச்சியில்லை, இதனைச் செய் என்பாரும் இலர். அவ்வழி உயிரின் இச்சை எவ்வாறிருந்தது? அறிவு, இச்சை, செயல் என்னும் மூன்றும் ஒருசிறிதும் விளங்காது, இருளறையில் விழித்த கண்போலக் கிடந்தது. இறைவன் மாயையினின்றும் கலை, வித்தை, அராகம் முதலிய தத்துவங்களைக் கூட்டுவித்த பின்னரே, கலை ஆணவ மறைப்பைச் சிறிது நீக்கிச் செயலாற்றலை எழுப்ப, வித்தை அறிவை எழுப்ப, அராகம் விருப்பினை எழுப்ப, உயிர் ‘இதனை வேண்டுவல், இதனை வேண்டேன்’ என்று கூறவல்லதாயிற்று. ஆகவே, இறைவன் கலப்பு உயிரின் சுதந்தரத்தைக் குறைப்பதொன்றன்று. அக்கலப்பினாலேதான் உயிர்க்குச் சுதந்தரம் என்பதொன்று தோன்றவே செய்தது. அவன் விலகி நிற்பின் உயிர் உரிமை பெறாது, உறங்கிவிடும்.

ஐந்தாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் காந்தத்தின் முன் இரும்பை உவமை காட்டினார். காந்தம் தான் விகாரமுறாது, இரும்பு அசைகின்றது. இவ்வுவமை ஒன்றனையே கொண்டு, உயிர் இரும்புபோலச் சடம் என்று மயங்குவாரும் உளர். அம்மயக்கம் நீங்கவே பதினோராஞ் சூத்திரத்தில் கண்ணும் உயிரும் உவமையாயின. கண் உருவத்தைக் காண்பதற்கு உயிர் காட்டும் உபகாரம் செய்கின்றது. தானும் உடன்நின்று காண்கின்றது. அதுபோல இறைவன் உயிர்க்குக் காட்டியும் உடன்நின்று கண்டும் உபகரிக்கின்றான். காட்டுவோன் ஒருவன் உளன் என்பதனாற் காண்போன் காணாதவன் ஆகான், காட்டப்பெற்றமையாலேயே காண்கின்றான்.

இனி, ஊழ் எனப்படுவது யாது, அஃது எத்துணைத் தூரம் செல்லும் என்பதை வரையறுத்தல் வேண்டும். இதனை வரையறாது ஊழ் ஊழ் என்று கூறுவதனால் விளைந்த கேடு சிறிதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் இரண்டாஞ் சூத்திரத்தில், கருவிலேயே அமைந்துவிட்டனவாக ஆறனை எண்ணினார். அவை பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்பன. அதனோடு அமையாது, இப்பிறப்பிற் செய்யும் வினை மேல்வரும் உடம்பைச் சாரும் என்பதனையும் அவ்விடத்தேயே உடன் கூறினார். அன்பர்கள் அவ்வாறனையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றுள் வாய்மை உளதோ? பொய் உளதோ? களவு, கொலை, கொடை, அருள் இவற்றுள் ஒன்றேனும் உளதோ? இல்லை. ஆறும் உயிர்க்கு வந்தடைவன. உயிராற் செய்யப்படுவன அல்ல. ஒருவற்குப் பொருள் வருதல் ஊழின்பாலது. அதன்பொருட்டு அவன் பொய்ந்நிறை கொள்ளுதல் ஊழின்பாலதன்று. நியதி என்று பெயர்பெற்ற தத்துவந்தானும், ஓர் உயிர் செய்த வினையின் பயனை அவ்வுயிரே நுகருமாறு வரையறுப்பதன்றி, அவ்வுயிர் இனிச் செய்யும் வினையை வரையறுப்பதன்று. பிராரத்தம் நுகர்ச்சியைத் தரும். அந்நுகர்ச்சியின்கண் விருப்பும் வெறுப்பும் கொண்டு உயிர் ஈட்டுவது ஆகாமியம். அவ்வீட்டம் உயிரினுடையது.

இவ்வெல்லையை அறியாது எல்லாவற்றையும் நியதியின்மேல் ஏற்றிய ஆசீவகர் கொள்கையைச் சித்தியார் பரபக்கம் மறுத்தது. உருட்டிவிட்ட நூலுருண்டை தானே அவிழ்ந்து தீர்தல்போல உயிர்கள் பிறவியைக் கடந்து தீரும் என்பது மற்கலியின் மதம். முயற்சிக்கு ஆண்டு இடமேயில்லை. மற்றொருபால், வினை தானே பயன்தரும், இறைவன் வேண்டா என்ற மீமாஞ்சகரும் மறுக்கப்பட்டனர். வினை சடமாதலின், தனக்குரியவனைத் தானே தேடிச் சென்று பற்றமாட்டாது என்பது மறுப்பு. இவை பலரும் அறிந்தன.

ஈண்டு ஒரு கடா எழும். ஒருவன் என் பொருளைக் கவர்ந்தான். அப்பொருளை யான் இழத்தல் என் பிராரத்தம். ஆதலின் கள்வன் என் ஊழை நிறைவேற்றிய கருவியே அன்றிக் குற்றவாளி ஆகான் எனின், அற்றன்று. வினைப்பயன் ஆதிதைவிகம், ஆதிபௌதிகம், ஆதியான்மிகம் என மூன்று வாயிலால் வரும். இழவு வரவேண்டுமாயின் தீயால் வரலாம், வெள்ளத்தால் வரலாம், கரையானால் வரலாம், என் மறதியாலேயே வரலாம். அத்துணை வாயில்கள் திறந்திருப்ப, ‘யான் அதற்கு வாயிலாவேன்’ என்று முன்வந்தவன் தன் அவாவினால் வந்தான். என் இழவு எனது. அவன் அவா அவனது. ஒரே நிகழ்ச்சியில் எனக்குப் பழைய கணக்குத் தீர்கின்றது. அவனுக்குப் புதுக்கணக்கு எழுதப்படுகின்றது. கோயில் நிலக் குத்தகையைத் தம் சுற்றத்தார்க்கே குறைத்து விடுத்த அறங்காவலர் ஒருவர், கேட்டார்க்கு “எல்லாம் அவன் செயல்” என்று விடை பகர்ந்ததனை யாம் நேரே கேட்டதுண்டு. குத்தகை கூடியிருப்பின் அதனை அவர் ‘என் நிருவாகத் திறன்’ என்றே கூறியிருப்பர்!

அவாவும் முற்பிறப்பு வாசனையால் எழுவதுதானே, அதனை உயிரின் சுதந்தரம் என்றல் யாங்ஙனம் என்று இன்னும் நுணுகி வினவலாம். வாசனை உந்தும், உந்துதல் வேறு, உடன்படுதல் வேறு. உயிர் ஒருகாலும் தனித்து நில்லாது, சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. படிகம் அடுத்த பொருளின் நிறம் கொள்ளுதல் போல்வது. ஆயின் படிகம் தான் எதனை அடுப்பது என்று அறியாது, உயிர் அறியும். மலத்தைச் சார்வதோ அருளைச் சார்வதோ என்னும் அச்சார்பின்கண் உயிரின் உடன்பாடு கலந்தே உளது. சண்டேசர் தந்தையின் தாளை வெட்டினார். தக்கன் வேள்வி செய்தான். புறச்செயலை மட்டும் நோக்கின் முன்னது பாதகம், பின்னது அறம். முன்னது திருவடிக்காளாகும் பேறாயிற்று. பின்னது தலையிழத்தற்கு ஏதுவாயிற்று. இருவர்க்கும் கை அசைந்தது இறைவன் ஆணையாலேயாம். வேறுபட்டது சார்பு. சார்பும் அவன் தருவதே எனின், அருளைச் சாரும் ஆற்றல் அவன் தருவதே. கதிரவன் ஒளி எல்லாத் தாமரைமேலும் ஒருங்கு வீழ, ஒன்று அலர்தலும் ஒன்று முகையாய் நிற்றலும் ஒன்று உலர்தலும் அவற்றின் பக்குவம் பற்றியன. பக்குவத்தை ஒரு கணத்தில் திணிப்பின் அது பக்குவமன்று. பிறவிகள் பல வேண்டப்பட்டதும் இதனாலேயே.

மேனாட்டார் இவ்வினாவிற்பட்ட இடர் பெரிது. பெலாகியர் உயிரின் இச்சையே போதும் என்றனர். அகுசுதீனார் அருளின்றி ஒன்றும் ஆகாதென்றனர். 418 ஆம் ஆண்டில் கார்த்தேசு நகரத்துக் கூடிய சங்கம் பெலாகியர் கொள்கையை விலக்கிற்று. மீண்டும் 1524 இல் எராசுமசு இச்சையின் சுதந்தரத்தை நாட்டி ஒரு நூல் இயற்ற, மறுவாண்டே இலூதர் அதனை மறுத்து, இச்சை அடிமைப்பட்டது என்று நூல் செய்தனர். இருதிறத்தாரும் அன்புடையோர், அருளின் அருமையை உணர்ந்தோர். அவர்க்கு இடர் வந்தது வேறோரிடத்தில். உயிர் இறைவனால் இன்மையினின்றும் படைக்கப்பட்டது எனக் கொண்டமையின், அதன் குறைக்கும் அவனே முதல் என்னும் வினாவினின்று அவர் எளிதில் விலகல் இயலவில்லை. பிறப்பும் ஒன்றேயாகக் கொண்டமையின், இச்சை முதிர்தற்கு இடமும் சுருங்கிற்று. நம் நூல்கள் பதியைப்போலவே பசுவும் பாசமும் அநாதி எனக் கொண்டன. ஆணவம் இறைவன் தந்ததன்று. அதனை நீக்கக் கருவி தந்தது மட்டுமே அவன் தந்தது. ஈண்டு நமக்குச் செருக்கு வேண்டா. ஆணவம் ஏன் அநாதியே பற்றிற்று என்று அவர் நம்மை வினவின், செம்பிற் களிம்பு என்னும் உவமை கூறி அமைவதன்றி யாமும் மேற்செல்லமாட்டேம்.

இனி அம்முதியவர் வினாவிற்கு வருதும். மைந்தன் ஆயுள் மைந்தனது பிராரத்தம். மருத்துவரை அழைத்திருப்பின் பிழைத்திருப்பனோ என்பதனை யாமும் அறியேம், அவரும் அறியார். பிராரத்தம் நுகர்ந்த பின்னரன்றி இன்னதென விளங்குவதன்று. அவ்வைந்து நாளும் அவர் அறிந்தது மைந்தன் உடம்பின் வெப்பம் ஒன்றே. அவனது ஊழை அவர் அறிந்திலர். அறியாததனைக் காரணமாகக் கொண்டு அறிந்ததனைக் கைவிட்டார். அக்கைவிடுதல் ஊழ் அன்று, அவருடைய வினை. இதனை யாம் மறைத்துக் கூறவில்லை. ஆறுதல் கூறப் புகுந்து, ‘நும்மேற் குற்றமில்லை, எல்லாம் சிவன் செயல்’ என்றிருப்பின், அவர் மனம் ஒருநாள் ஆறும். மறுநாள் சிவனையே வெறுக்கும்.

ஆயினும் அவர் உடனே, “அப்படியாயின் நானே அவனைக் கொன்றேன்” என்று தலையில் அடித்துக்கொண்டனர். அதனையும் மறுத்தோம். ‘யான் ஒன்றும் செய்திலேன், அவனே கொன்றான்’ என்பவன் தன் தொழிலை இறைவன்மேல் ஏற்றுகின்றான். ‘யானே கொன்றேன்’ என்பவன் இறைவன் தொழிலைத் தன்மேல் ஏற்றுகின்றான். உயிரைக் கூட்டுதலும் பிரித்தலும் அவனுடையன. அவற்றுள் நமக்குப் பங்கில்லை. வெந்நீர் வைத்தலும் மருத்துவர் மனைக்கு நடத்தலும் நம்முடையன. நம்முடையது அவ்வளவே, அவ்வளவும் நம்முடையதே என்று கூறினோம். நெடுநேரம் வாளா இருந்து, “அந்த வினை என்னை எப்போது விடும்?” என்றனர். கழுவிய பின்னும் பெருங்காயக் குடத்தில் மணம் நிற்றல்போல வாசனை நிற்கும் என்றும், பத்தாஞ் சூத்திரம் விதித்த இறைபணியில் நிற்பார்க்கு அது வலிகெடும் என்றும் கூறி, பணி யாது என அவர் வினவ, அம்மடத்தைச் சார்ந்த மருந்துச்சாலையைக் காட்டினோம்.

மார்கழி முதல் அவர் நாள்தோறும் விடியலில் ஆண்டு வந்து நோயாளர்க்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கின்றார் என்று மடத்தார் எழுதியுளர். வினாவை அவர் இன்னும் விட்டிலர் என்றும், வருவார் போவாரிடமெல்லாம் அதனையே வினவுகின்றார் என்றும் எழுதியுளர். வருந் தையில் அம்மடத்தில் ‘இருண்மல நிலை’ விரிக்கப்பெறும். அவர் வினாவின் எஞ்சிய பகுதி அவ்வதிகாரத்திற்கு உரியது.