யார் கோபத்தை யார் அடக்குவது?

கலைஞர்களுக்கு இப்போது 'உணர்வு நுண்ணறிவு' சொல்லித்தருகிறார்கள். நாடகக்காரர்கள், உதவி இயக்குநர்கள், விளம்பரத்துக்கு எழுதுகிறவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, கோபம் வந்தால் எப்படி நிதானிப்பது, அடுத்தவர் மனசை எப்படிப் படிப்பது, குழுவுக்கு எப்படித் தலைமை தாங்குவது என்று பயிற்சி நடக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது: யார் கோபத்தை, யாருடைய நிம்மதிக்காக அடக்குவது?

பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990இல் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தை உளவியலுக்குள் நிறுத்தியது. 1995இல் வந்த டேனியல் கோல்மனின் புத்தகம் அதைக் கம்பெனிகளின் கையில் கொண்டுசேர்த்தது. ஆனால் இது நமக்குப் புதுசா? பண்ணையார் துண்டை உதறுகிற விதத்திலேயே, இன்னைக்குக் கூலி கிடைக்குமா வசவு கிடைக்குமா என்று எங்க அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அம்மாவின் முகத்தைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அடுத்தவன் மனசைப் படிப்பது கீழே நிறுத்தப்பட்டவர்களின் வேலை. அந்த அறிவுக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களின் சிரிப்பும் உழைப்புதான், அதையும் நிறுவனம் சம்பளத்துக்குள் வாங்கிக்கொள்கிறது என்று காட்டினார். இங்கே விலைக்குக் கேட்கப்படுவது நம்முடைய மௌனம். நான் கலந்துகொண்ட ஒரு பயிற்சியில், வசனத்திலிருந்த சாதிக் கேலியை எடுக்கச் சொன்ன தோழரிடம், "ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க" என்றார்கள். கேலியை எழுதியவரிடம் யாரும் ஒண்ணும் கேட்கவில்லை. அவர் அமைதியாக இருந்தாராம்! ஆதிக்கம் எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும். அதற்குக் கத்த வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் எல்லாக் கோபமும் சரியா? இல்லை. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மனைவியிடம் காட்டுகிற கோபமும், குழுவிலிருக்கும் சின்னப் பையனிடம் இயக்குநர் காட்டுகிற கோபமும் ஆதிக்கத்தின் இன்னொரு முகம். கோபத்தின் அளவைப் பார்ப்பதைவிட அதன் திசையைப் பார்க்க வேண்டும். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1981இல் ஆற்றிய ஓர் உரையில், இனவெறிக்கு எதிரான கோபத்துக்குள் செய்தியும் ஆற்றலும் இருக்கின்றன என்று வாதிட்டார்.

லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல், 1936இல் நடக்கவிருந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையை முன்கூட்டியே பார்த்தவர்கள் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடு நின்றுபோனது. உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அதில் கோபம் இருக்கிறது, ஒவ்வொரு வாதத்துக்குள்ளும் அடுக்கப்பட்டு இருக்கிறது. அவர் அதை விழுங்கவுமில்லை, வீணாக்கவுமில்லை. தலைமை என்றால் இதுதான்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தோழர்களே. மேலே உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்து தொடங்கட்டும். எதிரில் நிற்பவரின் கோபத்தை, குறுக்கிடாமல், முகம் சுளிக்காமல் கேட்கிற பயிற்சி அவர்களுக்குத்தான் முதலில் தேவை. நாம் பல தலைமுறையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.